சுடர் விடாத விளக்கு

மின்சாரம் வராத காலத்தில் நம்மவர் கோயில் திருவிழாக்களையும் கலியாண வீடுகளையும் பகலாக்கி வைத்தது பெற்றோமாக்ஸ் விளக்கு. மென்டில் என்று நாம் வழங்கும் அந்தச் சிறிய வெள்ளைப் பையிலிருந்து கண்ணைப் பறிக்கும் ஒளி வரும். அருகே நின்றால் முகத்தில் சூடும் உறைக்கும். ஒளியும் சூடுமே அவ்விளக்குத் தரும் இரண்டு கொடைகள் என்று நாம் எண்ணியிருந்தோம். அதே பையிலிருந்து கண்ணுக்குப் புலப்படாததும், தோலால் பிரித்தறிய முடியாததுமான மூன்றாவது கொடை ஒன்றும் வந்துகொண்டிருந்தது. அதுவே தூரச் செந்நிறக்கீழ்க் கதிர். பேர்லின் நகரத்து அறிஞர் ஒருவர் அந்த மூன்றாவது கொடைக்காகவே இத்தகைய விளக்கைத் தம் ஆய்வுகூடத்தில் ஏற்றி வைத்தார்.

இன்றைய பேச்சுக்கு ஒரு சிறு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கையில் தூக்கிச் செல்லத்தக்க ஒரு பெட்டியுள், சிறு மின்கலங்களால் இயங்கும் தூரச் செந்நிறக்கீழ்க் கதிர் முதல் ஒன்று வேண்டும். மலையுச்சியில் இருக்கும் வானாய்வுக் கருவி சரியாகக் கணிக்கின்றதா என்று பார்ப்பதற்கோ, வெளியிடத்திற் கொண்டுசென்ற உணர்கருவியைச் சோதிப்பதற்கோ அது தேவைப்படலாம். எதைத் தேர்வது? மிகச் சூடானதை, மிகப் பிரகாசமானதைத் தேர்ந்தால் போயிற்று என்று முதலில் தோன்றும். அவ்வாறு தேர்பவர் மின்கலத்தை ஒரு மணி நேரத்துள் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார். ஏன் என்பதற்கு விடை 1900ஆம் ஆண்டிலே கிடைத்துவிட்டது. அந்த விடை பௌதிகவியலின் போக்கையே மாற்றிய விடையுமாகும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகின்றேன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். கண் காணும் சிவப்பு ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.7 மைக்ரோன். அதற்கு அப்பால் ஒரு மில்லிமீற்றர், அதாவது 1000 மைக்ரோன் வரையும் பரந்து கிடப்பதே செந்நிறக்கீழ்ப் பகுதி. அதில் ‘தூரம்’ எங்கே தொடங்குகின்றது என்பதில் எல்லோரும் ஒரே எல்லையை இடுவதில்லை. இப்பேச்சில் 25 மைக்ரோனுக்கு அப்பாற்பட்டதைத் தூரப் பகுதி என்று கொள்வோம்.

இக்கதிரை முதன்முதல் இனங்கண்டவர் இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல். 1800ஆம் ஆண்டில் அவர் சூரிய ஒளியை ஓர் அரியத்தின் ஊடாகச் செலுத்தி, விரிந்த நிறங்களில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வெப்பமானி இன்னும் உயர்ந்தது. ஹேர்ஷல் சூரியனோடு நிற்கவில்லை. மெழுகுதிரி, அடுப்பு நெருப்பு, பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஆகியவற்றையும் சோதித்தார். எந்தப் பொருளை முதலாகக் கொள்வது என்ற ஆராய்ச்சி அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

அதனை ஒழுங்குபட வளர்த்தவர் இத்தாலியரான மசடோனியோ மெல்லோனி. அரசியற் கிளர்ச்சியின் காரணமாகத் தாய்நாட்டை விட்டுப் பாரிசில் தங்கியிருந்த அவர், 1833ஆம் ஆண்டளவில் நான்கு முதல்களை வரிசையாக வைத்துக்கொண்டார். ஒன்று எண்ணெய் விளக்கு; இரண்டாவது ஒளிரும் பிளாற்றினக் கம்பி; மூன்றாவது ஏறக்குறைய 390 பாகை சென்றிகிரேட்டுக்குச் சூடாக்கிய செப்புத் தகடு; நான்காவது கொதிநீர் நிரம்பிய பாத்திரம். இவற்றின் வெப்பக் கதிர்களைக் கண்ணாடியின் ஊடாக விட்டபோது, விளக்கின் கதிரில் ஒரு பகுதி கடந்தது. கொதிநீர்ப் பாத்திரத்தின் கதிரோ கடக்கவே இல்லை எனலாம். ஆனால் கல்லுப்புப் படிகம் நான்கையும் ஏறக்குறைய ஒரே அளவாகக் கடக்கவிட்டது. கண்ணுக்குத் தெளிந்த கண்ணாடி வெப்பக் கதிருக்குச் சுவராயிற்று. முதலின் சூடு குறையக் குறைய அதன் கதிர் வேறு இயல்பைப் பெறுகின்றது என்பதையும், முதலைத் தேர்பவர் அதன் முன்னுள்ள சாளரத்தையும் சேர்த்தே தேர வேண்டும் என்பதையும் மெல்லோனி உலகுக்குக் காட்டினார்.

இனி நமது மென்டிலுக்கு வருவோம். ஒஸ்திரியரான கார்ல் ஔவர் 1885ஆம் ஆண்டில் வாயு விளக்குக்கான இப்பையை உரிமைப் பதிவு செய்தார். 1891ஆம் ஆண்டில் 99 பங்கு தோரியம் ஒட்சைட்டும் 1 பங்கு சீரியம் ஒட்சைட்டும் கலந்தால் வெள்ளொளி மிகச் சிறந்து விளங்கும் என்று கண்டார். தோரியத்தின் தேவை திடீரெனப் பெருகிற்று. அக்காலத்திலேதான், 1904ஆம் ஆண்டில், தோரியம் ஒட்சைட்டைப் பெரும்பகுதியாகக் கொண்ட புதிய கனிமம் ஒன்று நம் இலங்கையிற் கிடைத்துத் தோறியனைற்று என்று பெயர் பெற்றது. பின்னாளில் கலையுலகம் போற்றிய ஆனந்த குமாரசுவாமி அவர்களே அப்போது இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர். 1909ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலிலும் தோரியம் தரும் மொனசைட்டு இனங்காணப்பட்டது. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குக்கு நமது மண்ணும் மணலும் இவ்வாறு பொருள் வழங்கின.

இம்மென்டிலுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. கண்காணும் ஒளியை அது நன்றாகக் காலுகின்றது. சிவப்புக்கு அடுத்துள்ள அண்மைப் பகுதியில் மிகக் குறைவாகவே காலுகின்றது. பத்து மைக்ரோனுக்கு அப்பால் மறுபடியும் தாராளமாகக் காலுகின்றது. சாதாரணமான சூடான பொருள் தன் சத்தியின் பெரும் பங்கைக் கொட்டித் தீர்க்கும் இடம் அந்த அண்மைப் பகுதியே. அங்கே சிக்கனமாக இருப்பதனால், தூரப் பகுதியை நாடும் ஆராய்ச்சியாளருக்கு இது வாய்ப்பான முதலாயிற்று. இக்குணத்தை 1905ஆம் ஆண்டளவில் அளந்து வெளியிட்டவர், தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட பேர்லின் அறிஞர் ஹைன்றிச் ரூபென்ஸ்.

ரூபென்சின் வாழ்நாள் முயற்சி தூரக் கதிரைத் தனித்துப் பிரித்தெடுப்பதாகும். வேண்டாத குறுகிய அலைகளின் வெள்ளத்தில் வேண்டிய நெடிய அலைகள் சில துளிகளே. அவற்றைப் பிரிக்க 1897ஆம் ஆண்டில் அவரும் அமெரிக்கரான ஏணஸ்ட் நிக்கல்சும் ஓர் உபாயம் கண்டனர். சில படிகங்கள் தமக்கென உரிய ஓர் அலைநீளத்தை மாத்திரம் உலோகம்போலத் தெறிக்கச் செய்யும். ஒரே படிகத்தின் பல முகங்களில் அடுத்தடுத்துத் தெறிக்கவிட்டால் மற்றவை யாவும் உறிஞ்சப்பட்டு அழிந்துபோக, அந்த அலை மாத்திரம் எஞ்சும். இதனால் ‘எஞ்சு கதிர்’ என்று பெயர் வந்தது. புளோர்ஸ்பார்ப் படிகம் ஏறக்குறைய 24 மைக்ரோன் அலையையும், கல்லுப்பு ஏறக்குறைய 51 மைக்ரோன் அலையையும் அளித்தன.

1900ஆம் ஆண்டில் ரூபென்சும் பேர்டினண்ட் கேள்பௌமும் இந்த எஞ்சு கதிர்களைக் கொண்டு ஒரு தீர்க்கமான சோதனையில் இறங்கினர். அவர்கள் எடுத்த முதல் ‘கரும்பொருள்’ எனப்படுவது. அதாவது, உள்ளே கருமையூட்டிய, சிறு வாயை உடைய ஒரு குழிவு. அதனை திரவ வளியின் குளிர்நிலையிலிருந்து ஏறக்குறைய 1500 பாகை வரையும் வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து, நெடிய அலையின் வலிமை எவ்வாறு ஏறுகின்றது என்று அளந்தனர். அக்காலத்தில் நிலவிய வீன் என்பாரின் சூத்திரத்தின்படி, வெப்பநிலை ஏற ஏற அவ்வலிமை ஓர் எல்லையை அணுகி நின்றுவிட வேண்டும். அது நிற்கவில்லை. வெப்பநிலைக்கு நேர்விகிதமாக ஏறிக்கொண்டே போயிற்று. குறுகிய அலைகளுக்குப் பழுதின்றிப் பொருந்திய சூத்திரம், நெடிய அலைகளிடம் தோற்றுப்போயிற்று.

1900ஆம் ஆண்டு ஒக்ரோபர் 7ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ரூபென்ஸ் தம் மனைவியோடு பேராசிரியர் மாக்ஸ் பிளாங்கின் வீட்டுக்கு விருந்தினராகச் சென்றார். உரையாடலின் நடுவே இம்முடிவைத் தெரிவித்தார். விருந்தினர் விடைபெற்றுச் சென்றபின் பிளாங் அமர்ந்து, குறுகிய அலைக்கும் நெடிய அலைக்கும் ஒருங்கே பொருந்தும் புதிய சூத்திரம் ஒன்றை வகுத்தார். ஒக்ரோபர் 19ஆந் தேதி ஜேர்மன் பௌதிகக் கழகத்தின் முன் அது வைக்கப்பட்டது. அதன் பொருளைத் தேடிச் சென்றபோது, சத்தியானது இடைவிடாத ஒழுக்காகவன்றி, எண்ணத்தக்க சிறு சொட்டுக்களாகவே கொள்ளப்படவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. டிசெம்பர் 14ஆந் தேதி அவர் அதனை எடுத்துரைத்தார். சத்திச் சொட்டுக் கொள்கை பிறந்த நாள் அதுவே. ரூபென்சின் அளவீடு இல்லாதிருப்பின் இக்கொள்கை வேறு வடிவில் எழுந்திருக்கும் என்று பிளாங்கே பின்னாளில் நன்றியோடு கூறினார். கண்காணாத சில துளிக் கதிரைச் சரியான முதலிலிருந்து சரியாகப் பிரித்தமையால் விளைந்த பயன் இது.

இனி, மின்கலம் இக்கதைக்குள் நுழைந்த இடத்தையும் பார்ப்போம். அது கல்கத்தா நகரம். 1895ஆம் ஆண்டில் ஜகதீஸ் சந்திர போஸ் சிறு உலோக உருண்டைகளுக்கிடையே மின்பொறி பாய்ச்சி, மில்லிமீற்றர் அளவான மின்னலைகளை உண்டாக்கினார். தூண்டற் சுருளையும் சேமிப்புக் கலத்தையும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கியிருந்தார். 1897 ஜனவரியில் இலண்டன் றோயல் நிறுவனத்திலும் அவ்வமைப்பை விளக்கிக் காட்டினார். கையிலே தூக்கிச் செல்லத்தக்க, கலத்தால் இயங்கும் நெடிய அலை முதல் அது. வெப்பத்தின் பக்கத்திலிருந்து ரூபென்சும் மின்னின் பக்கத்திலிருந்து போசும், நடுவே கிடந்த அறியாப் பிரதேசத்தை நோக்கி வழி வெட்டிக்கொண்டிருந்தனர் என்று சொல்லலாம்.

ரூபென்ஸ் தம் வழியில் மேலும் முன்னேறினார். 1910ஆம் ஆண்டில் அமெரிக்கரான றொபேட் வூட்டுடன் சேர்ந்து, மென்டில் விளக்கையும் படிகக்கல் வில்லைகளையும் கொண்டு 100 மைக்ரோனைக் கடந்தார். 1911ஆம் ஆண்டில் பொன் பையருடன் படிகக்கல் இரச விளக்கை எடுத்துக்கொண்டு, மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கை எட்டினார். மறுபுறத்தில், மொஸ்கோவில் அலெக்சாந்திரா கிளகொலேவா-ஆர்க்காடியேவா என்ற பெண்மணி, எண்ணெயிற் கலந்த உலோகத் தூளினூடே பொறி பாய்ச்சி, 82 மைக்ரோன் வரை குறுகிய மின்னலைகளை உண்டாக்கியதை 1924ஆம் ஆண்டில் வெளியிட்டார். அமெரிக்காவில் முன்பு ரூபென்சின் துணைவராயிருந்த நிக்கல்சும் 1923ஆம் ஆண்டில் ரெயர் என்பவருடன் இவ்வழியில் வெற்றி கண்டார். இரு பிரதேசங்களும் இணைந்தன. அந்த இணைப்பைப் பற்றிய கட்டுரையை 1924 ஏப்பிரில் மாதத்தில் வாஷிங்டனில் அறிஞர் அவையின் முன் வாசித்துக்கொண்டிருந்தபோதே நிக்கல்ஸ் சாய்ந்து உயிர் துறந்தார். இளமையில் தொடங்கிய பணியின் முடிவைச் சொல்லும் வாய்ப்பு மாத்திரம் அவருக்குக் கிடைத்தது.

இப்பொழுது நம் சிறு பெட்டிக்குத் திரும்புவோம். மென்டிலுக்குச் சுவாலை வேண்டும். இரச விளக்குக்கும் சிலிக்கன் காபைட்டுக் கோலுக்கும் வேண்டிய மின்வலு, ஆய்வுகூடத்துச் சுவரிலிருந்து வரவேண்டியது. சட்டைப்பைக் கலத்தால் அதனை ஈட்ட இயலாது. ஆகவே மின்னாற் சூடாகும் ஒரு சிறு கரும்பரப்பே எஞ்சுகின்றது. அதனை எவ்வளவு சூடாக்குவது? இங்கேதான் 1900ஆம் ஆண்டின் விடை கைகொடுக்கின்றது.

ஒரு சதுர சென்ரிமீற்றர் கரும்பரப்பை 227 பாகைக்கு, அதாவது தனிவெப்பநிலையில் 500 கெல்வினுக்குச் சூடாக்கினால், அது ஏறக்குறைய 0.35 உவாற்றைக் காலும். அதனையே 1000 கெல்வினுக்கு ஏற்றினால் 5.7 உவாற்றைக் காலும். மொத்தச் செலவு 16 மடங்காகின்றது. வரவு என்ன? 50 மைக்ரோன் அலையின் வலிமை ஏறக்குறைய 2.3 மடங்கே ஆகின்றது. முன்னையதில் 25 மைக்ரோனுக்கு அப்பால் செல்வது மொத்தத்தில் 100க்கு 5 பங்கு. பின்னையதில் 100க்கு ஒரு பங்குக்கும் குறைவு. மிகுதி முழுவதும் வேண்டாத குறுகிய அலைகளாய்ப் பாழாகின்றது. ஐந்து உவாற்று-மணிச் சத்தியைத் தரும் இரு கலங்கள், சுற்றியுள்ள வளி கொண்டுபோகும் வெப்பத்தைக் கணக்கில் விட்டால், முதலாவதை 14 மணி நேரம் இயக்கும். இரண்டாவதை ஒரு மணிகூட இயக்கா. எனவே செந்தணலாகச் சுடரும் சிறு கம்பியைவிட, கண்ணுக்கு இருளாகவே கிடக்கும் சற்று அகன்ற கரும்பரப்பே மின்கலத்துக்கு ஏற்ற முதல்.

இவ்விதிக்கும் எல்லைகள் உண்டு. அகன்ற பரப்பின் கதிர் முழுவதையும் ஒரு குறுகிய பிளவுக்குள் திணிக்க எந்த வில்லையாலும் ஆகாது. கருவியின் வாய் சிறிதாயின், சிறிய பரப்பை வைத்துச் சூட்டை ஏற்றுவதைத் தவிர வழியில்லை. அப்போது கலத்தின் ஆயுளைக் கொடுத்தே கதிரைப் பெறவேண்டும். ஆகவே விலை கேட்குமுன் கருவியின் வாயை அளந்துகொள்ளுதல் நன்று.

இரண்டாவது சங்கடம், இக்கதிரைக் காலாத பொருளே நம்மைச் சூழ இல்லை என்பது. சுவர், மேசை, கை எல்லாம் அதனை ஓயாது காலிக்கொண்டிருக்கின்றன. நமது உடலின் கதிர் 9 மைக்ரோனை அடுத்து உச்சமடைந்து, தூரப் பகுதிக்குள்ளும் நீள்கின்றது. இந்தப் பேரிரைச்சலின் நடுவே நமது முதலின் குரலைப் பிரித்தறிய வேண்டுமானால், அது ஒழுங்கான தாளத்தில் விட்டுவிட்டுக் காலவேண்டும். முன்னோர் சுழலும் தட்டொன்றால் கதிரை வெட்டினர். இக்காலத்தில் மிக மெல்லிய தகட்டை மின்துடிப்பால் சூடாக்கி ஆறவிடுகின்றனர். தடித்த தகடு விரைவில் ஆறாது. அதனைத் தேர்ந்தால் சுழலும் தட்டுக்கும் ஒரு மோட்டரும் அதற்கும் மின்கலமும் வேண்டியதாகும்.

மூன்றாவது, மெல்லோனி காட்டிய சாளரம். கண்ணாடிக் குமிழுக்குள் அடைபட்ட முதல் எவ்வளவு நன்றாயினும் தூரக் கதிரை வெளியே விடாது. வெளிவருவது சூடேறிய கண்ணாடியின் சொந்தக் கதிரே. மலிவான பொலித்தீன் தாளோ தூரக் கதிரை நன்கு கடக்கவிடும். நான்காவது, நடுவேயுள்ள வளி. நீராவி தூரக் கதிரைக் கடுமையாக உறிஞ்சும். நம் நாட்டின் ஈரக் காற்றில் முதலையும் கருவியையும் இயன்றவரை நெருக்கி வைத்தல் வேண்டும். தூரக் கதிர் கொண்டு வானை ஆராய்வோர் வறண்ட மலையுச்சிகளையும் வானவெளியையும் நாடுவது இந்தக் காரணத்தினாலேயே.

சூடான பரப்பைத் தவிர வேறு முதல்கள் இல்லையோ என்று சிலர் கேட்கலாம். தொலைக்காட்சியை இயக்கும் கைக்கருவியிலும் செந்நிறக்கீழ்க் கதிர் உண்டு. ஆனால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 0.94 மைக்ரோன். அது தூரத்துக்கு உறவு அல்ல. சிவந்து ஒளிரும் விளக்குகளும் அவ்வாறே. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, தூரக் கதிருக்குச் சாட்சியாகாது. 2002ஆம் ஆண்டில் ஏறக்குறைய 67 மைக்ரோன் கதிரைத் தரும் குறைகடத்தி லேசர் ஒன்று ஆக்கப்பட்டது. அது 50 கெல்வினுக்குக் கீழான கடுங்குளிரிலேயே இயங்கிற்று. 2020ஆம் ஆண்டில் 250 கெல்வின் வரை இயங்கும் ஒன்றை அமெரிக்க, கனேடிய ஆய்வாளர் வெளியிட்டனர். வளர்ச்சி பெரிதே, எனினும் அதற்கும் குளிராக்கும் கருவி துணையாக வேண்டும். ஓர் அலைநீளத்தை மாத்திரம் வேண்டுவோர்க்கு அது உதவும். பரந்த பகுதியைச் சில கலங்களாற் பெற விரும்புவோர்க்குக் கரும்பரப்பே இன்றும் துணை.

ஆகவே, தேர்பவர் முதலிற் கேட்க வேண்டியது ‘எவ்வளவு பிரகாசம்’ என்பதன்று. எனக்கு வேண்டிய அலை எது, என் கருவியின் வாய் எவ்வளவு, முதல் எவ்வளவு விரைவில் ஆறும், அதன் முன்னுள்ள சாளரம் எது என்ற நான்கையும் கேட்டுக்கொண்டால், மின்கலத்தின் சிறு சேமிப்பும் போதியதாகும்.

நேயர்களே, திருவிழா முடிந்து பெற்றோமாக்ஸ் விளக்கை அணைத்தபின் சற்று நேரம் அதன் மூடியைத் தொட முடியாது. வெளிச்சம் போய்விட்டது, சூடு மாத்திரம் இருளில் நின்று காலிக்கொண்டிருக்கும். எல்லோரும் எழுந்து வீடு செல்லும் அந்த வேளையிலும் தூரக் கதிர் அங்கே மிச்சமிருக்கின்றது. ரூபென்சும் அவர் நண்பர்களும் தம் வாழ்நாளைச் செலவிட்டது அந்த மிச்சத்தை அளப்பதற்கே.